எழுபது வயதிலும் ராக் இசைக்கலைஞர்கள் ஏன் பஸ் ஏறுகிறார்கள்?

கேள்வி இதுதான்: ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் இசைத்தட்டு விற்ற அமெரிக்க, பிரிட்டிஷ் ராக் குழுக்காரர்கள் எழுபது வயதிலும் ஊர் ஊராகப் போய் வாசிக்கிறார்களே, சம்பாதித்ததெல்லாம் எங்கே போனது? வயதான காலத்தில் பணத்தை எப்படித்தான் சமாளிக்கிறார்கள்?

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், பாப் டிலன் மாதிரியானவர்களை முதலில் ஒதுக்கி வைத்துவிடுவோம். அவர்கள் கையெழுத்துக்கே கோடிக்கணக்கில் விலை இருக்கிறது. நாம் பேச வேண்டியது 1970களிலும் 80களிலும் இரண்டு மூன்று ஹிட் கொடுத்துவிட்டு, பெயர் மட்டும் இன்னும் நினைவில் இருக்கிற குழுக்களைப் பற்றி. அதிலும் பேஸ் கிட்டார் வாசித்தவர், டிரம்ஸ் வாசித்தவர். எண்ணிக்கையில் இவர்கள்தான் அதிகம், சிக்கலும் இவர்களுக்குத்தான்.

அடிப்படை ஒன்றுதான். ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரிகளும் ஒரு சொத்து. அதைப் பாடிப் பதிவு செய்த மாஸ்டர் இன்னொரு சொத்து. முதல் சொத்து எழுதியவருக்கும், அவருக்காக அந்த உரிமையை நிர்வகிக்கும் பப்ளிஷருக்கும் போகும். இரண்டாவது பெரும்பாலும் ரெக்கார்டு கம்பெனியிடம் இருக்கும். வாசித்தவர்களுக்கு ஒப்பந்தப்படி ஒரு பங்கு. அமெரிக்காவில் எஃப்.எம். ரேடியோவில் பாட்டு ஓடினால் அஸ்காப், பிஎம்ஐ போன்ற அமைப்புகள் வழியாக எழுதியவருக்குப் பணம் வரும். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் ஒரு காசு கிடையாது. சட்டமே அப்படித்தான். நாற்பது வருடமாகத் தினமும் ரேடியோவில் ஒலிக்கிற பாட்டின் டிரம்மர் வாடகை வீட்டில் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஊதாரித்தனம் அல்ல, இந்த ஒரு விதி. ஒரே மேடையில் நின்ற ஐந்து பேரில் எழுதியவருக்கு மட்டும் மாதாமாதம் பென்ஷன் மாதிரி வருவதும் அதனால்தான். யூ2, ஆர்.இ.எம். போன்ற குழுக்கள் ஆரம்பத்திலேயே பாட்டின் உரிமையை எல்லார் பெயரிலும் போட்டுக்கொண்டது எவ்வளவு பெரிய காரியம் என்பது முதுமையில்தான் தெரியும்.

அப்படி எழுதிக்கொள்ளாத தவறைப் பிறகு சரிசெய்ய முடியுமா? சில சமயம் முடியும். ப்ரோக்கல் ஹாரம் குழுவின் 1967 ஹிட் பாட்டில் வரும் ஆர்கன் இசை தன்னுடையது என்று அதை வாசித்த மேத்யூ ஃபிஷர் 2005இல், 38 வருடம் கழித்து வழக்குப் போட்டார். 2009இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டனின் பிரபுக்கள் சபை அவருக்கு 40% பங்கை உறுதி செய்தது. ஆனால் வழக்குப் போட்ட நாளிலிருந்து வரும் வருமானத்தில்தான் பங்கு. அதற்கு முன் வந்தது போனதுதான். எனவே இப்படி ஓர் உரிமை இருக்கிறது என்று நினைப்பவர் காத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் நஷ்டம்.

கச்சேரிக் கணக்கு

ராயல்டி போதாதவர்களுக்கு மிச்சம் இருப்பது மேடை. டிக்கெட் விலையைப் பார்த்து வெளியே இருப்பவர்கள் போடும் கணக்கு வேறு, நிஜக் கணக்கு வேறு. ஓர் உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். 1,500 இருக்கை அரங்கம், டிக்கெட் 50 டாலர், எல்லாம் விற்றுவிட்டது. மொத்தம் 75,000 டாலர். கச்சேரி நடத்துகிற புரமோட்டர் அரங்க வாடகை, விளம்பரம், ஆட்கள், காப்பீடு என்று 30,000 கழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மீதி 45,000இல் வழக்கமான 85% குழுவுக்கு: 38,250. இதில் ஏஜென்டுக்கு 10%, மேனேஜருக்கு 15%, பிசினஸ் மேனேஜர் என்று அழைக்கப்படும் கணக்குப் பார்ப்பவருக்கு 5%. இந்தக் கமிஷன்கள் செலவு கழித்த லாபத்தில் அல்ல, மொத்தத்தில் எடுக்கப்படுவது வழக்கம். ஆக 30% போய் மிஞ்சுவது 26,775.

இனிமேல்தான் டூர் செலவு. படுக்கை வசதி உள்ள பஸ், டிரைவர், ஒலி ஒளி ஆட்கள், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 8,000 டாலர் என்று வையுங்கள். கச்சேரி இல்லாத நாளிலும் பஸ் வாடகையும் சம்பளமும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வாரத்துக்கு 56,000. வாரம் நாலு கச்சேரி என்றால் வரவு 1,07,100. செலவு போக 51,100. ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு 10,220. பரவாயில்லை.

இப்போது பாடகருக்கு 72 வயது. தொண்டை நாலு நாள் தாங்கவில்லை, வாரம் மூன்று கச்சேரிதான். வரவு 80,325, செலவு அதே 56,000, மிச்சம் 24,325, தலைக்கு 4,865. கச்சேரி கால் பங்குதான் குறைந்தது, கைக்கு வருவது பாதிக்கும் கீழே போய்விட்டது. வயதான குழுக்களின் டூர் முறிவதற்கு முக்கியக் காரணம் இதுதான். கூட்டம் வராததால் முறிவது அடுத்தபடிதான்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் பஸ்ஸையே விட்டுவிட்டார்கள். வெள்ளி சனி மட்டும் விமானத்தில் போய் வாசித்துவிட்டு ஞாயிறு வீடு திரும்புவது. சூதாட்ட விடுதிகள், மாநிலப் பொருட்காட்சிகள், ராக் ரசிகர்களுக்கான கப்பல் பயணங்கள் இதற்குத் தோதானவை. டிக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும் பேசிய தொகை வரும். ஆம்ப், டிரம்ஸ் செட் எல்லாம் அங்கேயே ஏற்பாடு செய்யச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம். கையில் கிட்டாரும் சிம்பலும் கொண்டுபோனால் போதும். பெருமை குறைவு என்று சிலர் நினைப்பதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அறுபத்தெட்டு வயதுக்காரர் வாரம் ஐந்து இரவு சொந்தப் படுக்கையில் தூங்கிக்கொண்டு சம்பாதிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

டி-ஷர்ட் விற்பனையையும் அலட்சியம் செய்யக் கூடாது. பல அரங்கங்கள் அதிலும் 20%க்கு மேல் பங்கு கேட்கும். இந்தச் சதவீதத்தைக் கச்சேரி ஒப்புக்கொள்ளும்போதே பேச வேண்டும். அன்று இரவு கல்லா எண்ணும்போது பேசினால் எடுபடாது.

வெளிநாட்டு டூரில் தெரியாமல் மாட்டிக்கொள்வது வரிப் பிடித்தம். பிரிட்டிஷ் குழு அமெரிக்கா போனால் மொத்தத் தொகையில் 30% முன்கூட்டியே பிடித்துவிடுவார்கள், லாபத்தில் அல்ல. மேலே உள்ள கணக்கில் 38,250க்கு 30% என்றால் 11,475. அன்றைய நிகர மிச்சமே 12,775தான். இதைத் தவிர்க்க, அமெரிக்க வருமான வரித்துறையிடம் எதிர்பார்க்கும் வரவு செலவைக் காட்டி நிகரத்தின் மேல் மட்டும் பிடித்தம் செய்ய ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். முதல் கச்சேரிக்கு 45 நாளுக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். வேறு நாடுகளில் பிடித்த வரிக்கு அங்கேயே சான்றிதழ் கேட்டு வாங்கி வைத்தால்தான் சொந்த ஊரில் கழித்துக்கொள்ள முடியும். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் புரமோட்டர் கம்பெனியே இருக்காது.

கேட்பாரற்றுக் கிடக்கும் பணம்

வயதான இசைக்கலைஞர் ஒருவருக்கு உதவப் போகிறவர் முதலில் செய்ய வேண்டியது புதிய வருமானம் தேடுவது அல்ல. ஏற்கெனவே அவர் பெயரில் தேங்கிக் கிடப்பதை எடுப்பது.

அமெரிக்காவில் இணைய ரேடியோ, செயற்கைக்கோள் ரேடியோ இரண்டும் வாசித்தவர்களுக்கும் பணம் தர வேண்டும். சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு வசூலித்துப் பிரிக்கிறது: 50% மாஸ்டர் உரிமையாளருக்கு, 45% குழுவினருக்கு, 5% பின்னணியில் வாசித்த மற்றவர்களுக்கு. இந்த 45% ரெக்கார்டு கம்பெனியின் கைக்குப் போகாமல் நேராகக் கலைஞருக்கு வருவது. அதனால் கம்பெனிக்குப் பழைய கடன் பாக்கி இருந்தாலும் இது வரும். ஆனால் ஒவ்வொரு உறுப்பினரும் தனித்தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். 1981இல் குழுவை விட்டுப் போனவர் பதிவே செய்யாமல் இருப்பார். மூன்று வருடம் கேட்கப்படாமல் கிடந்தால் அந்தப் பணம் கைவிட்டுப் போகலாம். 2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 1972க்கு முந்தைய பதிவுகளுக்கும் இது உண்டு. பலருக்கு இன்னும் தெரியாது.

பாட்டு எழுதியவர்களுக்கு இன்னொரு பெட்டி: ஸ்ட்ரீமிங் ராயல்டியைப் பிரிக்கும் எம்.எல்.சி. என்ற அமைப்பு. 2021இல் அது இயங்கத் தொடங்கியபோது, உரியவர் யார் என்று பொருந்தாமல் ஸ்ட்ரீமிங் கம்பெனிகளிடம் தேங்கியிருந்த சுமார் 42.4 கோடி டாலர் அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால், இரண்டாவது எழுத்தாளர் பெயர் விட்டுப்போயிருந்தால் பணம் பொருந்தாது. ஒரு மாலை உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டாகத் தேடிப் பார்ப்பதற்கு ஈடான வேலை வேறில்லை.

ஐரோப்பாவில் மாஸ்டர் பதிவின் உரிமைக் காலத்தை 50 வருடத்திலிருந்து 70 ஆக 2011இல் நீட்டினார்கள். பிரிட்டனில் 2013 நவம்பர் 1 முதல் அமல். அதில் இரண்டு நல்ல விதிகள் இருக்கின்றன. ஒன்று, ஒரே தொகை வாங்கிக்கொண்டு வாசித்துவிட்டுப் போன ஸ்டுடியோ கலைஞர்களுக்காக, 50 வருடம் தாண்டிய பதிவின் வருமானத்தில் 20% கம்பெனி ஒதுக்க வேண்டும். இரண்டு, குழுவினரின் பழைய அட்வான்ஸ் பாக்கியை 50 வருடத்துக்குப் பிறகு கழிக்கக் கூடாது. 1974இல் பதிவான ஆல்பத்துக்கு இப்போது ராயல்டி ஓட வேண்டும். ஸ்டேட்மென்டில் இன்னும் கழிவு தெரிந்தால் கேட்டு எழுதுங்கள்.

இந்தப் பாக்கி சமாச்சாரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ரெக்கார்டு கம்பெனி கொடுக்கும் அட்வான்ஸ், ஸ்டுடியோ செலவு, வீடியோ செலவில் ஒரு பகுதி எல்லாமே கலைஞரின் ராயல்டியிலிருந்து திரும்ப எடுக்கப்படும். ராயல்டி விகிதம் சின்னது என்பதால் கம்பெனி பல மடங்கு லாபம் பார்த்த பிறகும் கலைஞர் கணக்கில் கழித்தல் குறி நிற்கும். 2021இல் சோனி, 2000க்கு முன் கையெழுத்திட்டு அதற்குப்பின் அட்வான்ஸ் வாங்காத கலைஞர்களின் பாக்கியை இனிக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்று அறிவித்தது. 2022இல் வார்னரும் யுனிவர்சலும் அதே வழிக்கு வந்தன. வீடு மாறியவர்களுக்கு இது பற்றிய கடிதமே போய்ச் சேர்ந்திருக்காது. முகவரியும் வங்கிக் கணக்கும் சரியாக இருக்கிறதா என்று மூன்று கம்பெனிக்கும் எழுதிக் கேட்பது நல்லது.

பாட்டை விற்கலாமா?

2020 டிசம்பரில் டிலன் தன் பாட்டுகளை யுனிவர்சலுக்கும், அடுத்த வருடம் ஸ்பிரிங்ஸ்டீன் மாஸ்டர், பாட்டு இரண்டையும் சோனிக்கும் விற்றார்கள். ஸ்பிரிங்ஸ்டீனுக்குச் சுமார் 50 கோடி டாலர் என்று செய்தி. அதே நேரத்தில் 1960களிலிருந்தே பாடிவந்த டேவிட் கிராஸ்பியும் விற்றார். கொரோனாவால் மேடை இல்லை, ஸ்ட்ரீமிங் வந்து ரெக்கார்டு வருமானம் போனது, குடும்பமும் வீட்டுக் கடனும் இருக்கிறது, வேறு வழியில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். பெரிய தலைப்புச் செய்திகளுக்குப் பின்னால் இருந்த நிஜ நிலைமை அது.

சின்ன அளவில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருடம் 60,000 டாலர் தரும் பாட்டுகளுக்கு 12 மடங்கு விலை என்றால் 7,20,000. எழுதியவரே விற்கும்போது அதை மூலதன ஆதாயமாகக் கருத 2006 முதல் அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. வரி 37% உச்சத்துக்குப் பதில் 20% உச்சத்தில் நிற்கும். மாநில வரி, வக்கீல் எல்லாம் போக 5,20,000 மிஞ்சுகிறது என்று வையுங்கள். 4% வட்டியில் போட்டால் வருடம் 20,800. அறுபதாயிரத்தை விட்டு இருபதாயிரத்துக்கு வந்தாயிற்று. முதலையும் கரைத்துச் சாப்பிட்டால்தான் சமம் ஆகும். எனவே நல்ல விலை வருகிறது என்பது மட்டும் விற்கக் காரணம் ஆகாது. கடன் கழுத்தை நெரிக்கிறது, வாரிசுகள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை, வருமானம் முழுவதும் ஒரே பாட்டில் தொங்குகிறது, இவைதான் காரணங்கள்.

விற்பதாக இருந்தாலும் முழுவதையும் விற்க வேண்டியதில்லை. நீல் யங் 50% மட்டும் விற்றார். ஸ்டீவி நிக்ஸ் 80%. எந்த விளம்பரத்துக்குப் பாட்டைத் தரலாம் என்ற சம்மத உரிமையை எழுத்தில் வைத்துக்கொள்ளலாம். வாங்குபவர் கடந்த சில வருட ஸ்டேட்மென்ட், யாருக்கு எத்தனை சதவீதம் என்ற பத்திரம், மூல ஒப்பந்தங்கள் கேட்பார். பத்திரம் இல்லாத பாட்டுக்கு விலை குறையும். ஆகவே பழைய கூட்டாளி உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து கையெழுத்து வாங்கி வையுங்கள்.

இரண்டு கண்ணிகள். ஒன்று மெடிகேர். 65 வயதுக்கு மேற்பட்டோருக்கான இந்த அரசு மருத்துவக் காப்பீட்டின் மாதத் தவணை, இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானத்தைப் பார்த்து ஏறும். 2023இல் பாட்டை விற்றவருக்கு 2025இல் மாதம் 185 டாலருக்குப் பதில் 628.90 டாலர் வரை கடிதம் வந்திருக்கும். தவணைகளாக விலையை வாங்கினால் இந்த ஏற்றம் குறையும். இரண்டாவது இன்னும் பெரியது. உரிமையாளர் இறந்தால் வாரிசுக்கு வரிக் கணக்கில் அந்தச் சொத்தின் அடக்க விலை அன்றைய சந்தை விலையாக மாறிவிடும். அவர்கள் உடனே விற்றால் ஆதாய வரி கிட்டத்தட்ட இல்லை. எண்பது வயதில் நோயோடு இருப்பவரிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனால் சொல்லாத வக்கீல் அந்தக் குடும்பத்துக்குத் துரோகம் செய்கிறார்.

அரசாங்கப் பென்ஷனும் மருத்துவமும்

அமெரிக்க அரசுப் பென்ஷனான சோஷியல் செக்யூரிட்டி ஒருவரின் மிக அதிகச் சம்பாத்தியமுள்ள 35 வருடங்களின் சராசரியை எடுக்கிறது. கையில் ரொக்கமாக வாங்கிக் கணக்கில் காட்டாத வருடங்கள் அங்கே பூஜ்யமாக நிற்கும். இளமையில் வரி மிச்சம் என்று சந்தோஷப்பட்டது எழுபதில் வெட்டாக வந்து சேரும். 62இல் எடுத்தால் (1960இலோ அதற்குப் பின்னோ பிறந்தவருக்கு) 30% குறைவு, 67இல் முழுசு, அதன்பின் 70 வரை தள்ளினால் வருடத்துக்கு 8% கூடும். இன்னும் மேடை வருமானம் இருக்கிறவர் 70 வரை காத்திருப்பதே லாபம், ஏனென்றால் தொண்டையோ விரல் மூட்டோ எப்போது கைவிடும் என்று தெரியாது. அந்த நாளில் கூடிய தொகை சாகும்வரை வரும். பிரிட்டனில் முழு அரசுப் பென்ஷனுக்கு 35 வருட தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பு தேவை. 10 வருடத்துக்குக் கீழே என்றால் பொதுவாக ஒன்றும் இல்லை.

மருத்துவச் செலவில் திண்டாடுபவர்களுக்கு அமெரிக்காவில் மியூசிகேர்ஸ், ஸ்வீட் ரிலீஃப், பிரிட்டனில் 1921 முதல் இருக்கும் ஹெல்ப் மியூசிஷியன்ஸ் ஆகியவை உதவுகின்றன. பிரச்சினை முற்றி வீடு ஏலத்துக்கு வந்த பிறகு விண்ணப்பிப்பதுதான் வழக்கமாக நடக்கிற தவறு.

பணத்தை யார் கையில் கொடுப்பது

கனடியப் பாடகர் லியனார்ட் கோஹன் 2004இல், எழுபது வயதில், தன் ஓய்வுக்காலச் சேமிப்பில் 50 லட்சம் டாலருக்கு மேல் காணாமல் போயிருப்பதைக் கண்டுபிடித்தார். அவருடைய மேனேஜர் மேல் 2006இல் நீதிமன்றம் 90 லட்சம் டாலர் தீர்ப்புக் கொடுத்தது. பணம் வந்து சேரவில்லை. 2008இல் 73 வயதில் மறுபடி டூர் கிளம்பினார். பிரிட்டிஷ் பாடகர் ஸ்டிங்கின் ஆடிட்டர் சுமார் 60 லட்சம் பவுண்டு எடுத்ததற்காக 1995இல் ஆறு வருடச் சிறைத் தண்டனை பெற்றார். இருவரும் ஏமாளிகள் அல்லர். செலவை அனுமதிப்பவரும் பணத்தை அனுப்புபவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆளாக இருந்தால் யாருக்கும் இது நடக்கும்.

செய்ய வேண்டியது எளிது. வங்கி ஸ்டேட்மென்ட் மேனேஜர் அலுவலகத்துக்கு அல்ல, வீட்டு முகவரிக்கு வர வேண்டும். ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் இரண்டு கையெழுத்து. வருடம் ஒருமுறை சம்பந்தமில்லாத இன்னொரு ஆடிட்டர் பார்க்க வேண்டும். முதலீட்டை வைத்திருக்கும் நிறுவனமும் முதலீட்டு ஆலோசகரும் வேறு வேறாக இருக்க வேண்டும். பொது அதிகாரப் பத்திரம் கொடுப்பதாக இருந்தால் என்னென்ன காரியத்துக்கு என்று வரையறுத்து எழுத வேண்டும். பாட்டு உரிமை விற்பனையை அதில் சேர்க்கவே கூடாது.

உயில்

அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் 2016இல் உயில் எழுதாமல் இறந்தார். சொத்தின் மதிப்பு என்ன என்று வரித்துறையோடு ஒத்துப்போகவே 2022 ஆகிவிட்டது, கடைசியில் 15.64 கோடி டாலர் என்று முடிவானது. நடுவில் ஆறு வருடம் வக்கீல்களுக்குச் சம்பளம்.

இசைக்கலைஞர் உயிலோடு சேர்த்து வைக்க வேண்டிய தாள்கள் உண்டு: எல்லாப் பாட்டுகளின் பட்டியல், ஒவ்வொன்றிலும் தன் சதவீதம், அஸ்காப், பிஎம்ஐ, சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் உறுப்பினர் எண்கள், ஒப்பந்தங்களின் நகல், பழைய டேப்புகள் எந்த ஊரில் எந்தக் கிடங்கில், யார் பெயரில் வாடகை. குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம் என்பதும் எழுத்தில் வேண்டும்; இல்லையென்றால் மிச்சமிருப்பவர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்து ஒரே பெயரில் வாசிப்பார்கள், வழக்கு நடக்கும்.

இன்னும் ஒரு தாள் உண்டு, பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான். 1978 முதல் கலைஞர் தானே எழுதிக்கொடுத்த பதிப்புரிமையை 35 வருடம் கழித்துத் திரும்பப் பெற அமெரிக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. பணம் எதுவும் திருப்பித் தர வேண்டியதில்லை. வில்லேஜ் பீப்பிள் குழுவின் விக்டர் வில்லிஸ் 2012இல் இந்த வழியில்தான் நீதிமன்றத்தில் வென்றார். அமெரிக்காவுக்குள் மட்டுமே செல்லும். கலைஞர் கம்பெனியின் ஊழியராகப் பதிவு செய்தார் என்று ரெக்கார்டு கம்பெனிகள் வாதாடும், எனவே பாட்டு உரிமையில் எளிது, மாஸ்டரில் சண்டை. ஐந்து வருட ஜன்னல் ஒன்று திறக்கும்; அதற்குள் ஒரு தேதியைக் குறித்து, குறைந்தது இரண்டு வருடம் முன்பு, அதிகபட்சம் பத்து வருடம் முன்பு நோட்டீஸ் அனுப்பிப் பதிப்புரிமை அலுவலகத்திலும் பதிய வேண்டும்.

இந்த உரிமையை உயிலில் வேறு யாருக்கும் எழுதிவைக்க முடியாது. கலைஞர் இறந்தால் சட்டப்படி பாதி மனைவிக்கோ கணவருக்கோ, பாதி பிள்ளைகளுக்கு. பாதிக்கு மேல் பங்குள்ளவர்கள் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். பொதுவாக 1993இல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கு ஜன்னல் 2028இல் திறந்து 2033இல் மூடும், நோட்டீஸ் அனுப்பக் கடைசி வருடம் 2031. கலைஞர் 2027இல் இறந்துவிட்டாலும் அந்தத் தேதி தள்ளிப்போகாது. துக்கத்தில் இருக்கும் மனைவிக்கு 2031 என்ற எண் தெரிந்திருக்க வேண்டுமென்றால், அதை இன்றைக்கே உயிலின் முதல் பக்கத்தோடு பின் குத்தி வைக்க வேண்டும்.